வேன் போகட்டும்

அவர் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயரும் அவருக்குத் தெரியாது. இப்படிப் பல வருஷம் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நாங்கள் அவரை முசே என்று கூப்பிட்டோம். புதுச்சேரியில் பழைய ஆட்கள் ஒருவரை மதித்துக் கூப்பிடும் பிரெஞ்சுச் சொல் அது. பெயர் தெரியாததால் அந்த மரியாதையையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டோம்.

நான் ஆடியவள். கடற்கரையிலிருந்து சில தெருக்கள் உள்ளே தள்ளி ஒரு ரெஸ்டோ பார் இருந்தது. இருட்டான கூடம், கோடியில் ஒரு சின்ன மேடை, சினிமாப் பாட்டு, ஆடுவதற்கு நாங்கள் ஐந்தாறு பெண்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. கேட்கிறவர்கள்தான் சட்டென்று தரையைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் பார்க்கக் கூடாத இடத்தைப் பார்ப்பார்கள். இரண்டு வகை ஆட்களையும் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. முசே அந்த இரண்டிலும் சேர மாட்டார். பேசும்போது முகத்தைப் பார்ப்பார், பேச்சு முடிந்தால் கதவைப் பார்ப்பார்.

கதவுதான் அவர் வேலை. வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட், எண்ணெய் வைத்து வாரிய நரைமுடி. கதவுக்கு ஆள் வேண்டும் என்றால் ஜிம்முக்குப் போய் உடம்பை ஏற்றியவனைத்தான் எல்லா இடத்திலும் வைப்பார்கள். எங்கள் முதலாளி இந்த ஒல்லி மனிதரை வைத்திருந்தார். காரணம் கேட்டால், "அவரு சொன்னா கேக்குறானுங்க, எனக்கே ஏன்னு தெரியல" என்பார்.

உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, முதல் தடவை வருபவரானாலும் வாராவாரம் வருபவரானாலும், ஒரே குரலில் ஒரே பேச்சைப் பேசுவார்.

"கண்ணால பாருங்க சார், அதுக்குத்தான் வந்திருக்கீங்க. விசில் அடிங்க, அது ஆட்டத்துக்கு. கை மட்டும் மேசை மேலயே இருக்கட்டும். பேரு கேக்காதீங்க, ஊரு கேக்காதீங்க. பொண்ணுங்க உங்கள தாண்டி நடந்தா காலை உள்ள இழுத்துக்கோங்க. எதுனா குடுக்கணும்னா தட்டுல வெய்ங்க, கையில குடுக்காதீங்க. ஆட்டம் முடிஞ்சா எழுந்திரிக்காதீங்க. வேன் போகட்டும்."

ஒரு தடவை கட்சிக்காரர் ஒருவர் பத்து அடிப்பொடிகளோடு வந்தார். முசே அவரிடமும் ஆரம்பித்தார். அடிப்பொடிகளில் ஒருவன் எகிறினான். "யோவ், இவரு யாருன்னு தெரியுமாய்யா?"

"தெரியாதுங்க சார்," என்றார் முசே. "உள்ள யாருக்கும் யாரையும் தெரியாது. அப்பிடி இருந்தாத்தான் உங்களுக்கும் நல்லது."

கட்சிக்காரர் சிரித்துவிட்டார். காலை உள்ளே இழுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தார்.

செல்போனுக்கு முசே ஒரு வழி வைத்திருந்தார். போனைப் பிடுங்கி வைத்தால் சண்டை வரும், விட்டால் படம் எடுப்பார்கள். அதனால் சட்டைப் பையில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டை வைத்திருப்பார். போனை வாங்கி, கேமரா கண்ணின் மேல் ஒரு சிவப்புப் பொட்டை ஒட்டி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுப்பார். யாராவது உள்ளே போனைத் தூக்கினால் இருட்டிலும் பொட்டு இருக்கிறதா என்று அவருக்குத் தெரிந்துவிடும். போகும்போது உரித்துவிட்டுப் போகச் சொல்வார். குடித்தவனுக்கு அது எங்கே ஞாபகம் இருக்கும்? ஊரில் எத்தனை பேர் மறுநாள் காலையில் பெண்டாட்டியிடம் மாட்டினார்களோ! ஒருத்தர் நேரே சண்டைக்கே வந்துவிட்டார். "யாரு நெத்திப் பொட்டுன்னு கேக்குறாய்யா, நான் இன்னாத்த சொல்ல?"

"கேமராவோடதுன்னு சொல்லுங்க சார். உண்மைதானே," என்றார் முசே, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அந்தப் பொட்டு அட்டைகளை முதலியார்பேட்டையில் ஒரு ஃபேன்சி கடையில் வாங்குவார். கடைக்கார அம்மா ஒருநாள், "இத்தினி பொட்டு வாங்கறீங்களே, உங்களுக்கு எத்தினி பொண்ணுங்க?" என்று கேட்டாளாம். "அந்தக் கணக்குதாம்மா எனக்குப் புரியல" என்று சொல்லிவிட்டு வந்தாராம். அவர் தன்னைப் பற்றிச் சொன்ன கதைகளில் எனக்கு ஞாபகம் இருப்பது இது ஒன்றுதான். அவருக்குக் குடும்பம் உண்டா, எந்தச் சாமியைக் கும்பிடுகிறார், முன்னால் என்ன வேலை செய்தார், ஒன்றும் தெரியாது. சினிமாத் தியேட்டரில் டிக்கெட் கிழித்தவர் என்று ஒருத்தி சொல்வாள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்று இன்னொருத்தி சொல்வாள். மத்தியானம் நீள ரொட்டியைக் கிழித்து அதில் வறுத்த மீனை வைத்து, சுவரைப் பார்த்தபடி நின்று சாப்பிடுவார். யாராவது அவரை உரசிக்கொண்டு போனால் அவரே "பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்பார்.

இனி வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் ஞாயிறு சாயங்காலம் ஊர் திரும்புவார்கள் என்பதால், முதலாளி ஞாயிறு மத்தியானமும் ஆட்டம் வைத்திருந்தார். முடியும்போது வெளியே நல்ல வெளிச்சம் இருக்கும். நாங்கள் முகத்தைக் கழுவி, சுடிதார் மாட்டி, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு பக்கத்துச் சந்து வழியாக வாசல் தெருவுக்குப் போய் வேனில் ஏறுவோம். அந்த நேரத்தில் கூடத்தில் ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. முசே கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து, கூடத்தைப் பார்த்து நிற்பார். வேன் தெருவைத் தாண்டிக் கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் நகர்வார்.

கதவில் முகம் தெரிகிற உயரத்தில், வெளியே பார்க்க ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. வேனிலிருந்து பார்த்தால் அதில் அவருடைய பின்னந்தலை தெரியும். ஒருநாளும் அவர் திரும்பி அந்தக் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்ததில்லை. வேன் வலது பக்கம் திரும்புமா இடது பக்கம் திரும்புமா என்றுகூட அவருக்குத் தெரியாது. எனக்கு இது வேடிக்கையாக இருந்தது.

"இன்னா முசே, நீங்களுமா எங்க பின்னாடி வரப்போறீங்க? ஒரு டாட்டா காட்டக் கூடாதா?" என்று ஒருநாள் வம்புக்கு இழுத்தேன்.

"எந்தப் பக்கம் போறீங்கன்னு தெரிஞ்சா ஒருநாள் சொல்லிடுவேம்மா," என்றார். "என்னை அடிச்சிக் கேட்டா சொல்ல மாட்டேன்னு வெச்சிக்கோ. அழுது கேட்டா? தெரிஞ்சவன் சொல்லிடுவான். தெரியாதவன் எப்பிடிச் சொல்லுவான்?"

அவருடைய பேச்சில் கடைசியாக ஒரு வாக்கியம் உண்டு. அதை உள்ளே வரும்போது சொல்ல மாட்டார், ஆட்கள் வெளியே போகும்போது சொல்வார். "தெருவுல எங்கனா பாத்தீங்கன்னா, பாக்காத மாதிரிப் போயிடுங்க சார். அவங்களுக்கு உங்களத் தெரியாது." அந்தச் சட்டத்தை அவரும் காப்பாற்றினார். நான் ஒரு தடவை என் மாமியாரோடு பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு என் வேலை தெரியும். மாமியார் கணக்கில் நான் ரெட்டியார்பாளையத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன். எதிரே முசே பையோடு வந்தார். நான் மீனைப் பார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். அவர் நேரே வந்து, கூட்டத்தில் என் காலை மிதித்து, "பர்தோன்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். "யாருடி அந்தக் கிழம், வெள்ளக்கார பாஷை பேசுது?" என்றாள் மாமியார். "யாரோ" என்றேன். அன்றைக்கு அந்த மனிதரை எவ்வளவு பிடித்தது என்று சொல்லித் தீராது.

எங்களுக்குள்ளும் அதே சட்டம்தான். நான் அங்கே மோனிகா. எங்களில் சின்னவள் ரியா. காலாப்பட்டுப் பக்கம் ஏதோ மீனவர் குப்பம் என்பது மட்டும் தெரியும், அதுவும் அவள் மீனை முகர்ந்து பார்த்தே எந்த நாள் பிடித்தது என்று சொல்லிவிடுவதால் நாங்களாக ஊகித்தது. வேன் அவளைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறக்கிவிடும், அவள் கடல் பக்கம் நடந்து போவாள். அவள் ஏதோ ஆஸ்பத்திரியில் பில் போடுகிற வேலையில் இருப்பதாக அவள் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். அவளுடைய செருப்பு அளவு எனக்குத் தெரியும். எந்தப் பாட்டுக்கு மூச்சு வாங்கும், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, எல்லாம் தெரியும். அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது.

இப்போது ஒரு நல்லவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிறுதோறும் தனியாக வருவார். நாற்பது வயது இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. எலுமிச்சை சோடா மட்டும் குடிப்பார். முசே பேச ஆரம்பிக்கும் முன்பே போனை நீட்டுவார், பொட்டைத் தானே அழுத்தி ஒட்டிக்கொள்வார். நாங்கள் கடந்து போனால் மற்றவர்கள் காலை இழுத்துக்கொள்வார்கள். இவர் எழுந்தே நின்றுவிடுவார். விசில்கூட அடித்ததில்லை. தட்டில் வைப்பதைக்கூட மடித்து, மற்றவர் கண்ணில் படாமல் வைப்பார். ஒரு தடவை முசேயின் பொட்டு அட்டை தீர்ந்துபோனபோது, தன் பையிலிருந்து புது அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முசே மனம் நெகிழ்ந்து போனார். "எல்லாரும் இப்பிடி இருந்தா எனக்கு இங்க வேலையே இல்லம்மா" என்று எங்களிடம் சொன்னார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அவர் பார்வை ஆட்டம் முழுக்க ரியாவிடமே இருந்தது. அதில் தப்பாக ஒன்றும் எங்களுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்க்கலாம் என்பதுதானே சட்டம்.

ஒரு ஞாயிறு ஆட்டம் முடிந்தது. நாங்கள் முகம் கழுவிக்கொண்டிருந்தோம். அந்த மனிதர் கதவுக்குப் போனார். அழுதாராம்.

"அம்மாவுக்கு மூச்சு முட்டுதாம் சார். பக்கத்து வீட்டுலேருந்து போன் பண்ணாங்க. நான் உடனே போவணும்."

வேறு யார் கேட்டிருந்தாலும் முசே நகர்ந்திருக்க மாட்டார். இவருக்குக் கதவைத் திறந்துவிட்டார். "பத்திரமா போங்க சார்" என்றுகூடச் சொன்னாராம்.

அந்த ஆள் தெருமுனையில் பைக்கில் காத்திருந்தார். வேனின் பின்னாலேயே முதலியார்பேட்டை போனார், ரெட்டியார்பாளையம் போனார், நான் இறங்குவதைப் பார்த்திருப்பார், பிறகு காலாப்பட்டு வரைக்கும் போனார். ரியா இறங்கி நடந்த வழியில் நடந்து, வீட்டைப் பார்த்துக்கொண்டு திரும்பிவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் அந்த வீட்டுக்குப் போனார். எப்படிப் போனார் தெரியுமா? குளித்து, வேட்டி கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, ஒரு பட்டுப் புடவை வைத்துக்கொண்டு போனார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அப்பாவைக் கும்பிட்டு, பெண் கேட்டார். பொய் சொல்லி ஆரம்பிக்கக் கூடாது என்று, அவள் எங்கே ஆடுகிறாள், எந்தப் பாட்டுக்கு ஆடுகிறாள், எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். அதெல்லாம் தனக்கு ஒரு குறையே இல்லை என்றும் சொன்னார். தெருவே கூடி நின்று கேட்டது.

இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், அவரே வந்து சொன்னார். அடுத்த ஞாயிறு, வழக்கம் போல மடிப்புக் கலையாமல், கதவில் வந்து நின்று போனை நீட்டினார். நான் அப்போது சந்துப் பக்கம் நின்றிருந்தேன், என் காதாலேயே கேட்டேன்.

"நான் ஒரு தப்பும் பண்ணல சார். மரியாதையா தட்டோடதான் போனேன். அவங்க அப்பா தட்டத் தூக்கி எறிஞ்சிட்டாரு. அந்தப் பொண்ணு அன்னிக்குச் சாயங்காலமே பையை எடுத்துக்கினு சென்னை பஸ் ஏறிடுச்சாம். எங்கன்னு யாருக்கும் தெரியல. இங்க வந்துச்சா சார்?"

முசே அவரை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் போனைக்கூட வாங்கவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேன் போகட்டும்னு சொன்னேனே சார்," என்றார். அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அந்த ஆளுக்கு என்ன புரிந்ததோ, தன் பையிலிருந்து ஒரு பொட்டை எடுத்துப் போனில் தானே ஒட்டிக்கொண்டு திரும்பிப் போனார். பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை.

ரியாவின் போன் அணைந்தே கிடந்தது. பிறகு அந்த எண்ணே இல்லை என்றது. வேன் ஓட்டுகிற அண்ணன் அந்தப் பக்கத்து டீக்கடையில் விசாரித்தார். அப்படி ஒரு பெண் எங்களுக்குப் பிறக்கவே இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். மும்பையில் இருக்கிறாள் என்று ஒருத்தி சொன்னாள். கல்யாணமாகி நன்றாக இருக்கிறாள் என்றாள் இன்னொருத்தி. இரண்டையும் நம்பிக்கொண்டோம். மூன்றாவதாக ஒன்று எல்லார் மனசிலும் இருந்தது. கடல் பக்கத்தில் பிறந்தவளுக்குக் கடல் அவ்வளவு தூரம் இல்லை.

முசே ஒருவர்தான் தேடினார். தேடினார் என்று சொல்வதும் தப்பு. பெயர் தெரியாமல், வீடு தெரியாமல் எப்படித் தேடுவது? வேன்கார அண்ணன், "வாங்க முசே, அந்தத் தெருவைக் காட்டுறேன், அவங்க அப்பாகிட்ட பேசிப் பாருங்க" என்று கூப்பிட்டார். அவர் போகவில்லை.

"நானும் அந்த வாசல்ல போய் நின்னா, அவனுக்கு அடுத்த ஆளு நானாயிட மாட்டேனா?" என்றார்.

வாரத்தில் வேலை இல்லாத நாட்களில் காலாப்பட்டு பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார ஆரம்பித்தார். போனவள் அங்கேதான் பஸ் ஏறினாள், வந்தால் அங்கேதான் இறங்குவாள் என்பது அவர் கணக்கு. சென்னையிலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்குகிற பெண்களைப் பார்ப்பாராம்.

"பேரு தெரியாம யாரைன்னு கூப்பிடுவீங்க?" என்று கேட்டேன்.

"கூப்பிட மாட்டேம்மா. வந்துட்டான்னு தெரிஞ்சா போதும். நான் எழுந்து போயிடுவேன்."

கதவில் அவர் மாறிப்போனார். பேச்சு அதேதான், குரலில் உயிர் இல்லை. ஒழுங்காக நடந்துகொள்பவர்களைக் கண்டால் அவருக்குப் பயம் வந்தது. காலை நீட்டிக்கொண்டு கத்துகிறவனைச் சிரித்து அடக்கினார். எழுந்து நின்று வழிவிடுகிறவனைக் கண்டால் வெலவெலத்துப் போனார். எனக்கும் அந்த வியாதி ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் ஒருவர் அதிகமாகக் கைகூப்பினால் நான் அவர் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்துவிட்டுத்தான் என் வழியில் போவேன்.

அவருக்கு வேலை போனதும் அந்தக் கதவால்தான். இன்னொரு ஞாயிறு. ஆட்டம் முடிந்து நாங்கள் வேனில் ஏறிவிட்டோம், ஒருத்தியின் கைப்பை காணவில்லை என்று தேடிக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து கதவை யாரோ அடிக்கிற சத்தம் கேட்டது. கல்லூரிப் பையனைப் போல ஒருவன். அவன் குரல் தெரு வரைக்கும் வந்தது.

"எங்கப்பா சார்! ரோட்டுல அடிபட்டுக் கெடக்காரு சார்! தொறங்க சார்!"

கண்ணாடியில் முசேயின் பின்னந்தலை தெரிந்தது. அது அசையவில்லை.

"வேன் போகட்டும் சார். வேன் போகட்டும்."

அந்தப் பையன் அழுதுகொண்டே அவரை அறைந்தான். கண்ணாடியில் தலை ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி நேராக நின்றது. பை கிடக்கட்டும் என்று நான்தான் முதலில் கத்தினேன். "அண்ணே, எடுங்க! சீக்கிரம் எடுங்க!" நாங்கள் போனால்தானே கதவு திறக்கும். வேன் பாய்ந்தது.

அந்தப் பையன் சொன்னது உண்மை. அவன் அப்பா பிழைத்தாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. முதலாளிக்கு போலீஸ் பயம் வந்துவிட்டது. முசேயைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். அவர் சட்டைப் பையிலிருந்த பொட்டு அட்டையை எடுத்து கவுண்டரில் வைத்துவிட்டுப் போனார். ஒருமுறை அழுதவனுக்குத் திறந்தார், ஒருமுறை அழுதவனுக்குத் திறக்கவில்லை. எந்த அழுகைக்குத் திறந்திருக்க வேண்டும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். கதவில் நிற்கிறவனுக்கு அழுகை எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கும்.

நானும் கொஞ்ச நாளில் விட்டுவிட்டேன். முதலியார்பேட்டையில் ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். அந்த இடம் இப்போது காபிக் கடை, வாசலில் பிள்ளைகள் விதவிதமாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் எனக்கு எல்லார் போனையும் வாங்கிப் பொட்டு ஒட்ட வேண்டும் போல இருக்கும். என் மகள் காலாப்பட்டில் பல்கலைக்கழக ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அம்மா ஒரு காலத்தில் துணிக்கடையில் நின்றவள் என்பது அவளுக்குத் தெரிந்த கதை.

போன மாதம் ஒரு ஞாயிறு அவளை வீட்டுக்குக் கூட்டி வரப் போனேன். சாயங்கால வெயில். பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். டவுன் பஸ் நின்றுகொண்டிருந்தது, டிரைவர் டீக்கடையில் இருந்தார். மகளை ஏறி இடம் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கத் திரும்பினேன். நிழற்குடையின் பெஞ்சில் முசே உட்கார்ந்திருந்தார்.

ரொம்ப இளைத்துப்போயிருந்தார். அதே வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை நைந்திருந்தது. முடி முழுக்க வெளுத்திருந்தது. அவர் கண் என் மேல் பட்டது. ஒரு கணம் நின்றது. என் பின்னால் பஸ் ஜன்னலில் என் மகளின் முகத்தைப் பார்த்தது. உடனே அவர் எழுந்து, நிழற்குடையின் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

கிட்டே போனேன்.

"முசே."

"தப்பா நெனச்சிக்கினீங்கம்மா. எனக்கு யாரையும் தெரியாது," என்றார் சுவரிடம்.

"இன்னும் இங்க வந்து குந்திகினு இருக்கீங்களா முசே? வீட்டுக்குப் போங்க. அவ எங்கியோ நல்லாத்தான் இருப்பா."

அவர் சுவருக்கு இன்னும் கிட்டே நகர்ந்துகொண்டார்.

"நான் என் பேரைச் சொல்றேன். ஒரு தடவை கேட்டுக்கோங்க. எனக்குச் சொல்லணும்னு இருக்கு."

"வேணாம்மா," என்றார் அவசரமாக. "சொல்லாத. தெரிஞ்சா நான் சொல்லிடுவேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, கெஞ்சுவது போல, "பொண்ணு பாக்குது. போய் ஏறிக்கோ. வேன் போகட்டும்."

நான் போய் ஏறிக்கொண்டேன். மகள், "யாரும்மா அந்தத் தாத்தா?" என்றாள். "தெரியல, வழி கேட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே மார்க்கெட்டில் மாமியாரிடம் பேசிய குரலாகக் கேட்டது.

டிரைவர் இன்னும் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முசேயின் பின்னந்தலை தெரிந்தது. வேனிலிருந்து எத்தனையோ தடவை பார்த்த அதே தலை.

அப்போது எங்கள் பஸ்ஸுக்குப் பின்னால் சென்னையிலிருந்து வந்த பஸ் ஒன்று நின்றது. கண்டக்டர் "காலாப்பட்டு, காலாப்பட்டு" என்று கத்தினார். பெண்கள் இறங்க ஆரம்பித்தார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி. கூடையோடு இரண்டு பேர். முசே திரும்பவில்லை. எத்தனை வருஷமாக எந்த பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கிறாரோ அந்த பஸ் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. என் பஸ் கிளம்பாமல் அவர் திரும்ப மாட்டார்.

நான் எழுந்து அவருக்காக ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கடைசியாக, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஒருத்தி இறங்கினாள். கையில் பை. ஒரு நிமிஷம் நின்றாள், கடல் பக்கம் பார்த்தாள், விறுவிறுவென்று அந்தப் பக்கம் நடந்தாள். எனக்கு முதுகுதான் தெரிந்தது. அந்த நடையா, அது என் பிரமையா? கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். என்னவென்று கூப்பிடுவது? என்னிடம் இருப்பது மேடைப் பெயர் ஒன்றுதான். அதை அந்தத் தெருவில் கத்துவதற்கு நான் யார்?

சுவரைப் பார்த்து நின்ற மனிதர் அப்படியே நின்றார். அவள் கடல் பக்கத் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தாள்.

நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, டீக்கடையைப் பார்த்துக் கத்தினேன். "அண்ணே, பஸ்ஸை எடுங்க! சீக்கிரம் எடுங்க அண்ணே!"

பஸ்ஸில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னாம்மா அவசரம் உனக்கு?" என்றாள் மகள். டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கிளாஸில் மிச்சமிருந்த டீயை நிதானமாக ஊதிக் குடித்தார்.